நார்க்கஞ்சா: சந்தை யாருக்கு? ஜெயில் யாருக்கு?

போதைச் செடி என்று பெயர் சூட்டி, வளர்த்தவனைப் பிடித்து ஜெயிலில் தள்ளிய சர்க்கார்களே இன்று அந்தச் செடியின் நாருக்கும் விதைக்கும் கடை விரிக்கப் புறப்பட்டிருக்கின்றன. துணி நெய்யலாம், காகிதம் செய்யலாம், சுண்ணாம்புடன் கலந்து சுவர் எழுப்பலாம், மோட்டார் காரின் கதவுக்கு உட்பலகை வார்க்கலாம், விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கலாம் என்று முதலாளிகளின் சபைகளில் பேச்சு அடிபடுகிறது. ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி ஸ்தாபனம் 2022-ம் ஆண்டில் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தப் பொருள்களின் உலகச் சந்தை 2027-ல் 1,860 கோடி டாலரை எட்டக்கூடும், அது 2020-ல் இருந்ததைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள்.

சந்தை வளரட்டும். நமக்கு ஆட்சேபமில்லை. நாரும் நல்ல நார்தான். ஆனால் எந்தப் புதுச் சந்தை கூடினாலும் உழைப்பாளி மக்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும்: லாபம் யார் மடியில் விழுகிறது? நஷ்டம் யார் தலையில் விழுகிறது? இந்தச் செடியைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்வியும் சேர்ந்து கொள்கிறது: ஜெயில் யாருக்கு?

செடி எது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம் வயல்களில் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழும் சணப்பு வேறு. வங்காளத்தில் விளைந்து சாக்குப் பையாக வரும் சணல் வேறு. நாம் பேசுவது கஞ்சாச் செடியைப் பற்றி. அந்தச் செடியில் பல இனங்கள் உண்டு. சில இனங்களின் பூவில் மயக்கம் தரும் சத்து நிறைய இருக்கிறது. வேறு சில இனங்களில் அது இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கே இருக்கிறது. அவை உயரமாக, கிளை அதிகமின்றி வளர்ந்து தண்டில் நீண்ட நாரைத் தருகின்றன. இந்த இரண்டாவது வகையை ஆங்கிலத்தில் ஹெம்ப் என்கிறார்கள். நாம் நார்க்கஞ்சா என்று சொல்வோம். இதைப் புகைத்து யாரும் மயங்குவதில்லை, தலைவலிதான் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப் பொருள்களைக் கட்டுப்படுத்த 1961-ல் செய்து கொள்ளப்பட்ட சர்வதேச ஒப்பந்தமே இந்த விஷயத்தில் மூல சாசனம். உலகமே இந்தச் செடியைத் தடை செய்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நாருக்காகவும் விதைக்காகவும் மட்டும் இந்தச் செடியைப் பயிரிட்டால் இந்த ஒப்பந்தம் அதற்குப் பொருந்தாது என்று அதன் 28-வது ஷரத்தே கூறுகிறது. நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலும் அப்படியே: 14-வது பிரிவின்படி, நார் அல்லது விதைக்காகச் சாகுபடி செய்ய சர்க்கார் உத்தரவு போட்டு அனுமதிக்கலாம்.

கதவு எப்போதும் இருந்தது; பூட்டுத்தான் போட்டு வைத்திருந்தார்கள். 1985-ல் சட்டம் வந்தது. இந்தியாவில் முதன்முதலாக உத்தரகாண்ட் ராஜ்யம் சாகுபடிக்கு வழி திறந்தது 2018-ல். இடையே 33 ஆண்டுகள்! கார்வால், குமாவோன் மலைகளின் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த நாரைத் திரித்துக் கயிறும் சாக்கும் செய்தவர்கள். விதையை அரைத்துத் துவையல் செய்து சாப்பிடுகிறவர்கள். அந்த விதையும், எண்ணெயும், மாவும் உணவுப் பொருள்தான் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது 2021 நவம்பரில். மலைவாசியின் அம்மியில் அரைபட்டபோது கண்ணில் படாத விதை, கம்பெனியின் டப்பாவில் ஏறியதும் உணவாகிவிட்டது!

இந்தக் கதவின் நிலைப்படியில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். 0.3 சதவிகிதம். காய்ந்த செடியில் ஆயிரத்துக்கு 3 பங்கு வரை மயக்கச் சத்து இருந்தால் அது பயிர். அதற்கு மேல் போனால் போதைப் பொருள். அமெரிக்காவில் 2018-ம் ஆண்டின் விவசாயச் சட்டம் இந்தக் கோட்டைப் போட்டது. ஐரோப்பிய யூனியனில் மானியம் பெறும் பயிருக்கு 0.2 என்று இருந்தது. 2023 ஜனவரி முதல் 0.3 ஆயிற்று. உத்தரகாண்டிலும் 0.3 தான்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் க்ரான்க்விஸ்ட் என்ற இரு தாவர விஞ்ஞானிகள் கஞ்சா இனங்களைத் தரம் பிரிப்பதற்காக எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டியிருந்ததால் 0.3-ல் போட்டார்கள். அது பட்டியலிடும் வசதிக்காகப் போட்ட கோடு. 0.3-க்குக் கீழே நல்ல செடி, 0.4-ல் மனிதனைக் கெடுக்கும் செடி என்று எந்தப் பரிசோதனையும் கூறவில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் அந்தக் கோடு 1 சதவிகிதத்தில் இருக்கிறது. அங்கே சட்டப்படி விளையும் பயிர், எல்லை தாண்டி பிரான்ஸில் விளைந்தால் வரம்பு மீறிய பயிர். செடிக்கு இந்தச் சூட்சுமம் தெரியுமா?

வெயில் கூடினாலும், அறுவடை சில நாள் தள்ளினாலும், விதை சற்றுக் கலந்திருந்தாலும் இந்தச் சத்து ஏறிவிடும். அமெரிக்க விதிப்படி அறுவடைக்கு முந்திய 30 நாட்களுக்குள் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். கோடு தாண்டியிருந்தால் பயிரை அழிக்கவோ, விதிப்படி மாற்றிச் சரிசெய்யவோ வேண்டும். 1 சதவிகிதத்தைத் தாண்டினால் விவசாயியின் அஜாக்கிரதை என்று பதிவாகலாம். 5 ஆண்டுகளில் 3 முறை அப்படிப் பதிவானால் 5 ஆண்டுகளுக்குச் சாகுபடி செய்யத் தடை. நம் நாட்டிலோ அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி பயிரிட்டதாகத் தீர்ப்பானால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்ச ரூபாய் வரை அபராதம். உரம் விற்றவன், விதை விற்றவன், ஒப்பந்தம் எழுதிய கம்பெனி ஆகியோர் எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கிறார்கள். கோட்டின் மேல் நிற்பவன் வயலில் இறங்கியவன் ஒருவனே.

வேண்டும்போது தேசபக்தி, வேண்டாதபோது குற்றம்

இந்த நாரின் சரித்திரத்தைப் புரட்டினால், எந்த சர்க்காரும் செடியைப் பார்த்துச் சட்டம் செய்யவில்லை, மூலதனத்தின் தேவையைப் பார்த்தே செய்தது என்பது விளங்கும். பாய்மரக் கப்பல் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் கயிறும் பாயும் பெரும்பாலும் ருஷ்யாவின் நார்க்கஞ்சாவை நம்பியிருந்தன. அமெரிக்காவின் கெண்டக்கியில் 1865-க்கு முன்பு இந்தப் பயிரை விதைத்து, அறுத்து, தண்டை நொறுக்கி நார் எடுத்தவர்கள் கறுப்பின அடிமைகள். அடிமை முறை ஒழிந்ததும் அங்கே அந்தச் சாகுபடியும் சரிந்தது. கூலி கொடுக்க வேண்டி வந்ததும் கசந்துவிட்டது!

1937-ல் அமெரிக்க சர்க்கார் கஞ்சா மீது ஒரு வரிச் சட்டம் கொண்டுவந்து, நாருக்காகப் பயிரிட்டவனையும் சேர்த்து நெருக்கியது. ஐந்தே ஆண்டுகள். 1942-ல் பிலிப்பைன்ஸ் தீவுகள் ஜப்பானிடம் வீழ்ந்தன. கப்பல் கயிற்றுக்கான மணிலா நார் நின்று போயிற்று. உடனே அதே சர்க்கார், வெற்றிக்காக நார்க்கஞ்சா பயிரிடுங்கள் என்று சினிமாப் படம் எடுத்துக் காட்டிக் குடியானவர்களை அழைத்தது. நாரெடுக்கும் ஆலைகளையும் அவசரமாகக் கட்டியது. யுத்தம் முடிந்ததும் ஆலைகள் மூடப்பட்டன, பயிர் கைவிடப்பட்டது. 1970-ம் ஆண்டுச் சட்டம் நாரையும் போதையையும் ஒரே பட்டியலில் அடைத்தது. 2018-ல் மறுபடி திறந்தார்கள்.

திறந்த பிறகு நடந்தது என்ன? நாரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூவிலிருந்து எடுக்கும், மயக்கம் தராத சி.பி.டி. என்ற மருந்துச் சரக்கில் கொள்ளை லாபம் என்று கம்பெனிகள் ஆசை காட்டின. புகையிலை விலை விழுந்து தவித்த கெண்டக்கி விவசாயிகள் 2019-ல் இதில் இறங்கினார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் விளைவித்ததால் விலை பாதாளத்துக்குப் போயிற்று. 2020-ன் தொடக்கத்தில் அங்கே ஒரு பெரிய கம்பெனி திவால் மனுப் போட்டது. சரக்கைக் கொடுத்த விவசாயிகள் கடன்காரர் வரிசையில் கடைசியில் நின்றார்கள். அமெரிக்க விவசாய இலாகாவின் கணக்குப்படி, நாட்டின் மொத்த நார்க்கஞ்சா விளைச்சலின் மதிப்பு 2021-ல் 82.4 கோடி டாலர். அடுத்த ஆண்டில் 23.8 கோடி டாலர். ஒரே வருஷத்தில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆவியாகிவிட்டது.

தேங்கிக் கிடந்த சரக்கை என்ன செய்தார்கள்? ரசாயன ஆலையில் மாற்றி, மயக்கம் தரும் மிட்டாயாகவும் பானமாகவும் செய்து, சட்டத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கடைகளில் விற்றார்கள். குழந்தைகளின் கைக்கும் அது போயிற்று. கூச்சல் கிளம்பியது. 2025 நவம்பரில் அமெரிக்கப் பார்லிமென்ட் சட்டத்தைத் திருத்தி, ஓராண்டு அவகாசத்துக்குப் பின் விற்பனைப் பொருளில் ஒரு டப்பாவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் மயக்கச் சத்து இருக்கக்கூடாது என்று எழுதியது. ஓட்டையை அடைத்தது தப்பல்ல. குழந்தைக்குப் போதை விற்பதை நாம் ஆதரிக்க முடியாது. ஆனால் ஓட்டையில் புகுந்து பணம் பண்ணியவன் பணத்தோடு வெளியேறிவிட்டான். அந்தச் சந்தையை நம்பி விதைத்தவன் வயலோடு நிற்கிறான்.

கனடா கற்ற பாடம்

கனடா 1998-லேயே அனுமதி கொடுத்தது. 1999-ல் சுமார் 14,000 ஹெக்டேரில் விதைத்தார்கள். மனிடோபா மாகாணத்தில் பெருவாரியான நிலத்துக்கு ஒப்பந்தம் எழுதியிருந்த கம்பெனி திவாலாயிற்று. அறுத்த தானியம் குதிர்களில் கிடந்தது. 2001-ல் சாகுபடிப் பரப்பு சுமார் 1,300 ஹெக்டேராகச் சுருங்கியது. பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அதன் பிறகு டாஃபின் வட்டாரத்து விவசாயிகள் கம்பெனியை நம்பியது போதும் என்று தங்களுக்கென்று கூட்டுறவு அமைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

பிரான்ஸில் வேறு வழி. அங்கே இந்தச் சாகுபடி முற்றிலும் நின்றதே இல்லை. த்ருவா நகரத்தை ஒட்டிய பிரதேசத்தில் 1973-ல் விவசாயிகளே கூட்டுறவாகச் சேர்ந்து நார் பிரிக்கும் ஆலையை நிறுவினார்கள். இன்று ஐரோப்பிய யூனியனின் விளைச்சலில் 60 சதவிகிதத்துக்கு மேல் பிரான்ஸினுடையது. யூனியன் முழுவதிலும் 2015-ல் சுமார் 20,500 ஹெக்டேராக இருந்த பரப்பு 2022-ல் சுமார் 33,000 ஹெக்டேராக வளர்ந்தது. வெடித்துச் சரியாமல் நிதானமாக வளர்ந்த வளர்ச்சி இது.

வித்தியாசம் எங்கே? ஆலை யாருடையது என்பதில். நார்க்கஞ்சாத் தண்டு வைக்கோலைப் போல் இடத்தை அடைக்கும், எடைக்கு விலை போகாது. வெகுதூரம் வண்டியேற்றினால் வாடகைக்கே கட்டாது. ஆகையால் வயலுக்கு அருகில் நார் பிரிக்கும் யந்திரத்தை வைத்திருப்பவன் எவனோ, அவன் சொன்னதே விலை. கரும்பு போட்ட விவசாயிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய கரும்பு வண்டியில் காய, ஆலை வாசலில் காத்துக் கிடந்து, பாக்கிப் பணத்துக்கு வருஷக்கணக்கில் நடையாய் நடந்தவனுக்குத் தெரியும், யந்திரம் ஒருவன் கையில் இருந்தால் பயிர் யாருடையது என்று.

தூசியை அளப்பவர் யார்?

விவசாயி கதை இது. நாரைத் தொடும் தொழிலாளியின் கதை என்ன?

இத்தாலியின் போலோஞா, ஃபெர்ராரா பிரதேசங்களில் 1950-கள் வரை இது பெரும் பயிர். அறுத்த தண்டுகளைக் கட்டுக்கட்டாகக் குட்டைகளில் அமிழ்த்தி, கல் ஏற்றி, அழுக விட்டு, ஆகஸ்ட் வெயிலில் நாற்றமெடுத்த தண்ணீரில் இறங்கி நின்று அலசி எடுத்தார்கள் கூலி விவசாயிகள். தென்னை மட்டை ஊறப்போட்டு நார் அடிக்கும் நம் பெண்களுக்கு அந்த வேலையின் நாற்றமும் தோலரிப்பும் தெரியும். செயற்கை நூல் வந்ததும் அந்தத் தொழில் அழிந்தது. அந்த உழைப்பின் கொடுமையும் யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று.

ஸ்பெயினில் கயோஸா தெ செகூரா என்ற ஊர். ஊரே நார்க்கஞ்சாத் தொழிலை நம்பியிருந்தது. 1960-களில் மருத்துவ விஞ்ஞானிகள் அந்தத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நார் அடிக்கும் தூசியில் வருஷக்கணக்காக வேலை செய்தவர்களின் மூச்சுத் திறன் கெட்டிருந்தது. வேலையை விட்ட பிறகும் பலருக்கு அது திரும்பவில்லை. நம் பஞ்சாலைகளில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் நிற்கும் தோழர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும் அதே பஞ்சுத் தூசி நோய்தான்.

தமிழ்நாட்டில் இந்தச் சாகுபடி இல்லையே, நமக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். நார் இங்கே விளையாவிட்டாலும், நூலாக இங்கே வரலாம். நீண்ட நாரைச் சிறு துண்டாக்கி, பிசினை நீக்கி, பஞ்சைப் போல் ஆக்கிவிட்டால் பருத்தியோடு கலந்து பருத்தி யந்திரத்திலேயே ஓட்டலாம். சீனாவில் இந்த வேலை பெரிய அளவில் நடக்கிறது. வெளிநாட்டு வியாபாரி கேட்டால் நம் மில் முதலாளியும் நாளையே ஓட்டுவான். செடியில் ஆயிரத்துக்கு 3 பங்கு மயக்கச் சத்தைத் தேடிச் சோதனைச்சாலை கட்டுகிற சர்க்கார்கள், தொழிலாளியின் நுரையீரலுக்குள் போகும் தூசியை அளக்க எத்தனை சோதனைச்சாலை கட்டியிருக்கின்றன?

என்ன செய்ய வேண்டும்?

இந்தச் செடியே வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. பருத்தியோடு ஒப்பிட்டால் இதற்குப் பூச்சி மருந்து குறைவாகவே தேவை. தண்டு, நார், விதை எல்லாம் பயன்படும். ஹிமாசலப் பிரதேசமும் இதில் இறங்குகிறது: சட்டசபை 2024 செப்டம்பரில் குழு அறிக்கையை ஏற்றது, 2025 ஜனவரியில் மந்திரிசபை பரிசோதனைச் சாகுபடிக்குச் சம்மதித்தது. இன்னும் பல ராஜ்யங்கள் வரும். விதிகள் எழுதப்படும் நேரம் இதுதான். கம்பெனிகள் எழுதிக் கொடுத்து மந்திரிகள் கையெழுத்துப் போட்ட பிறகு அழுது பயனில்லை.

முதலாவதாக, கோடு தாண்டினால் குற்றம் விவசாயிமேல் விழக்கூடாது. இது நடக்காத காரியமல்ல. இத்தாலியில் 2016-ம் ஆண்டுச் சட்டம், அங்கீகாரம் பெற்ற விதையை விதைத்தவனின் பயிரில் சத்து 0.2-ஐத் தாண்டி 0.6 வரை போனாலும் அவன்மீது பொறுப்பு இல்லை என்று எழுதியது. அதே இத்தாலியில் 2025-ல் பூ வியாபாரத்தைத் தடை செய்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் வெயில் செய்த தப்புக்கு விவசாயியைத் தண்டிக்காமல் சட்டம் எழுத முடியும் என்பது நிரூபணமாயிற்று. சோதனைச் செலவை சர்க்கார் ஏற்க வேண்டும். அழிக்கப்படும் பயிருக்கு நஷ்ட ஈடு தர வேண்டும்.

இரண்டாவதாக, விதை. நம் மலைகளில் தானாக முளைக்கும் இனங்களில் மயக்கச் சத்து பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டியே இருக்கிறது. அப்படியானால் விதையை வருஷந்தோறும் வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கு என்பார்கள். அதை ஏற்கக்கூடாது. சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்கள் நாட்டு இனங்களிலிருந்து சத்துக் குறைந்த விதையை உருவாக்கி அடக்க விலையில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, விதைப்புக்கு முன்பே விலை, எழுத்தில். நார் பிரிக்கும் ஆலை கூட்டுறவிலோ சர்க்கார் துறையிலோ இருக்க வேண்டும். ஆலையில்லாத இடத்தில் சாகுபடிக்கு ஆசை காட்டுவது விவசாயியைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை அறுப்பதற்குச் சமானம்.

நான்காவதாக, இந்த நாரைத் தொடும் ஒவ்வொரு வயலிலும் மில்லிலும் கூலி விகிதமும், தூசி வரம்பும், வருஷாந்தர மார்புப் பரிசோதனையும் சட்டமாக வேண்டும். புது நாரை ஓட்டும் மில்லில் தூசி உறிஞ்சும் யந்திரம் முதலில், நார் பிறகு.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் கமிஷன் 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியாவும் நீக்குவதற்கே வாக்களித்தது. ஆக, சர்வதேசச் சட்டம் அசையாத மலையல்ல. இரண்டு வாக்கில் அசைகிறது. முதலாளி தள்ளினால் அவன் பக்கம் அசையும். விவசாய சங்கமும் மில் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து தள்ளினால் நம் பக்கம் அசையும். விதை விதைக்கும் முன், நார் மில் வாசலுக்கு வரும் முன், இந்த நான்கு கோரிக்கைகளையும் சங்கக் கூட்டங்களில் வைத்துத் தீர்மானம் போடுவோம்.